மூன்று செட் போதும், டாக்டர்!

கீழ்பென்னாத்தூரில் பல் கிளினிக் திறக்கப் போகிறீர்கள். ரொம்ப சந்தோஷம். திருவண்ணாமலை–செஞ்சி ரோட்டின் மேலேயே, உரக்கடைக்கு மாடியில், பத்துக்கு இருபதில் ஒரு ரூம் அமைந்துவிட்டது. போர்டும் எழுதியாகிவிட்டது. பி.டி.எஸ்.ஸுக்குப் பின்னால் போட நான்கைந்து எழுத்துகளும் தேடிப் பிடித்தாகிவிட்டது. பாக்கி கருவிகள்தான். கல்லூரியில் ஐந்து வருஷம் சொன்னதை ஓரமாக வைத்துவிட்டு நான் சொல்கிறபடி செய்யுங்கள். பயப்பட வேண்டாம், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லவில்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோதே கைக்கு வந்துவிட்ட பழக்கங்கள்தான். நான் வரிசைப்படுத்தித் தருகிறேன், அவ்வளவே.

1. முதலில் நாற்காலி வாங்குங்கள்

பேங்க் லோனில் முக்கால் பங்கை நாற்காலியில் கொட்டுங்கள். தலைக்கு மேலே எல்.இ.டி. விளக்கு, பக்கவாட்டில் டி.வி., பட்டனை அழுத்தினால் தானே சாய்கிற முதுகு. திறப்பு விழாவுக்கு வருகிற மாமனார் உட்கார்ந்து பார்க்கப் போவது அதில்தான். பல் பிடுங்குகிற ஃபோர்செப்ஸின் மூட்டை விரித்துப் பார்க்கிற மாமனார் இந்த ஜில்லாவிலேயே கிடையாது. அடுத்து ஏ.சி. அடுத்து ஃபால்ஸ் சீலிங். மிச்சம் ஏதாவது இருந்தால் கருவிகளுக்கு வரலாம்.

2. பட்டியல் போடாதீர்கள்

மாதத்துக்கு எத்தனை பல் பிடுங்குவோம், எத்தனை அடைப்போம், எத்தனை ரூட் கெனால் வரும் என்று உட்கார்ந்து எழுதினால் என்னென்ன தேவை என்பது தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் வாங்க வேண்டிவரும். அந்த வம்பே வேண்டாம். ரெப் கொண்டுவருகிற ‘செட்’டை வாங்கிப் போடுங்கள். பன்னிரண்டு ஃபோர்செப்ஸ், ஒரு ரெக்சின் பை, இலவசமாக ஒரு சாவிக்கொத்து. மூன்று வெவ்வேறு ரெப்களிடம் வாங்கினால் இன்னும் விசேஷம். பஞ்சாபின் ஹோஷியார்பூரில் செய்தது ஒன்று, சியால்கோட்டிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுவது ஒன்று, எங்கே செய்தது என்று விற்பவருக்கே தெரியாதது ஒன்று. மூன்றையும் ஒரே தண்ணீரில் ஊறப்போடுங்கள். மட்டமான இரும்பின் துரு நல்ல எஃகுக்கும் ஏறி, ஆறே மாதத்தில் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். சமத்துவம்.

நீங்கள் அதிகம் பிடுங்கப் போவது கீழ்க்கடவாய்ப்பல். செட்டில் அதற்கான ஃபோர்செப்ஸ் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அது நாள் முழுக்க வாய்க்கு வாய் போய்வரட்டும். மற்றவை பளபளவென்று அப்படியே கிடக்கும். அவற்றைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவையுங்கள்.

மேல் கடவாய்ப்பல்லுக்கு வலம், இடம் என்று இரண்டு தனித்தனியாக விற்பார்கள். அந்தப் பல்லுக்கு மூன்று வேர். கன்னத்துப் பக்கம் இரண்டு, அண்ணத்துப் பக்கம் ஒன்று. கன்னத்துப் பக்க அலகில் இருக்கிற கூர்முனை அந்த இரண்டு வேர்களுக்கு நடுவில் போய் உட்கார வேண்டும் என்பதால் வலத்துக்கு ஒன்று, இடத்துக்கு ஒன்று. பல்லின் உருவத்துக்கு ஏற்ப அலகைச் செதுக்க வேண்டும் என்று 1840 வாக்கில் லண்டனில் ஜான் டோம்ஸ் என்பவர் எவ்ரார்ட் என்ற கருவி செய்பவரோடு உட்கார்ந்து மெனக்கெட்டிருக்கிறார். அவருக்கு வேறு வேலை இல்லை. நீங்கள் வலப்பக்கத்தை மட்டும் வாங்குங்கள். இடப்பக்கம் வலியோடு வருகிறவருக்கு மணிக்கட்டைத் திருப்பிப் பிடித்தால் ஆயிற்று. பல் பாதியில் முறிந்தால் “வேர் வளைஞ்சிருக்கு, உங்க எலும்பு ரொம்ப கெட்டி” என்று சொல்லுங்கள். எலும்பைப் பாராட்டினால் கோபப்படுகிறவர் யாருமில்லை.

3. மவுத் மிரர், புரோப், ட்வீசர்: மூன்று செட்

கருவிகளை ஒழுங்குபடுத்துவதில் உயிர்நாடியே இந்த எண்ணிக்கைதான். ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கழனி வேலை முடிந்து, பள்ளிக்கூடம் விட்டு, எல்லாரும் ஒரே நேரத்தில் படியேறுவார்கள். எட்டரை மணிக்குள் பத்துப் பன்னிரண்டு வாய் பார்த்தாக வேண்டும். ஒரு செட்டைத் தேய்த்துக் கழுவி, துடைத்து, உறையில் போட்டு, ஆட்டோகிளேவில் ஏற்றி, அது சூடேறி, நேரம் ஓடி, காய்ந்து, ஆறி வெளியே வர ஏறக்குறைய ஒரு மணி நேரம். எனவே அன்றைக்கு வருகிற தலைக்கு ஒன்று, அவசரத்துக்கு நாலைந்து என்று பதினைந்து செட்டாவது வேண்டும் என்று கணக்குத் தெரிந்தவன் சொல்வான். மிரரும் புரோப்பும் ட்வீசரும் சேர்ந்த ஒரு செட், நாற்காலியின் டி.வி. விலையில் எத்தனை வாங்கலாம் என்றும் கேட்பான். அவனோடு சகவாசம் வேண்டாம்.

மூன்று செட் வாங்குங்கள். ஒன்று வாயில், ஒன்று தண்ணீரில், ஒன்று துணியில். இந்தச் சுற்று நிற்காமல் ஓடும். நான்காவது நோயாளி உட்காரும்போது முதல் நோயாளியின் மிரர் ஈரத்தோடு தயாராக இருக்கும். நீங்கள் வேண்டுமென்று எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்டோகிளேவ் இருக்கிறது, உறை இருக்கிறது, உங்களுக்கு மனசும் இருக்கிறது. நேரம்தான் இல்லை. செட் மூன்றாக இருக்கிறவரை என்றைக்கும் இருக்காது.

4. கழுவுவதைக் கடைசிக்கு வையுங்கள்

பயன்படுத்திய கருவியை உடனே ஊறப்போட்டால் ரத்தம் சுலபமாகப் போய்விடும். அதனால் ட்ரேயிலேயே காயவிடுங்கள். கடை சாத்தும்போது அசிஸ்டன்ட் பெண் எல்லாவற்றையும் அள்ளி வாஷ்பேசினில் போட்டு ஒரு குழாய்த் தண்ணீர் காட்டட்டும். தடிமனான ரப்பர் கையுறை கேட்டால், வெறுங்கையில்தான் பிடிமானம் கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

கீழ்க்கடவாய் ஃபோர்செப்ஸை ஒரு தடவை விளக்கடியில் பிடித்துப் பாருங்கள். அலகின் உட்பக்கம் குறுக்கும் நெடுக்குமாக வரிகள். அந்த வரிகளில் காவி நிறத்தில் ஒரு கோடு. இரண்டு கைப்பிடியும் சேர்கிற மூட்டை மெல்ல விரித்தால் உள்ளே கறுப்பாக, பிசுபிசுவென்று ஒரு வளையம் தெரியும். செவ்வாய்க்கிழமை வந்தவருடையது, புதன்கிழமை வந்தவருடையது, எல்லாம் அதில் இருக்கிறது. பிரஷ் போட்டால் போய்விடும் என்பதால் பிரஷ் வாங்காதீர்கள். ஆட்டோகிளேவில் வைக்கும்போதும் மூட்டை இறுக மூடியே வையுங்கள். ஆவி உள்ளே நுழைந்துவிடக் கூடாது.

5. நீல விளக்கு வாங்குங்கள், வாசலைப் பார்க்க வையுங்கள்

யு.வி. சேம்பர் என்று ஒரு கண்ணாடிப் பெட்டி கிடைக்கும். உள்ளே நீலமாக ஒளிரும். ஏற்கெனவே கிருமி நீக்கிய கருவியை வைத்துப் பாதுகாக்கிற அலமாரி அது. ஒளி நேராகப் படாத இடத்தில் அதன் பாச்சா பலிக்காது, ஒன்றின்மேல் ஒன்றாகக் குவித்தால் அடியில் இருப்பதற்கு நிழல்தான். ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது விண்வெளி ஆராய்ச்சி. கழுவியதும் நேராக இதில் குவித்துவிடுங்கள். காத்திருக்கிற பெஞ்சிலிருந்து தெரிகிற மாதிரி வைத்தால், அதைப் பார்த்ததுமே பாதிக் கேள்விகள் அடங்கிவிடும். என் கணிப்பில், இந்தத் தொழிலில் போட்ட காசுக்கு இவ்வளவு நம்பிக்கை ஈட்டித் தருகிற சாமான் வேறெதுவும் இல்லை.

6. ஆட்டோகிளேவை விசிலுக்கு ஓட்டுங்கள்

121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், குறைந்தது 15 நிமிடம். உறையில் கட்டியிருந்தால் இன்னும் அதிக நேரம். இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். ஒட்டியபின் பார்க்காதீர்கள்.

நடுவில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து நேரம் கணக்கு வைக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். சீரியலே அப்படித்தான் தொடர்கிறது. மூடியைத் திறந்ததும் உறை ஈரமாக இருக்கும். காயவிட்டால்தான் அதற்கு மதிப்பு. ஈரக் காகிதத்தின் வழியாக வெளியே இருக்கிற கிருமி உள்ளே ஏறிவிடும். அந்த ஈரத்தோடே இழுப்பறையில் அடுக்குங்கள்.

உறைமேல் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்துவிட்டதா? முடிந்தது. சூடு பட்டது என்பதை மட்டும்தான் அந்தக் கோடு சொல்கிறது, கிருமி செத்ததா என்பதை அது சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள ஜியோபாசில்லஸ் என்று சூட்டுக்குச் சுலபத்தில் மசியாத ஒரு கிருமியின் வித்துகள் அடைத்த குப்பியை வாரம் ஒருமுறை உள்ளே வைத்து, அது செத்ததா பிழைத்ததா என்று பார்க்க வேண்டும். பிழைத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? போன வாரம் முழுக்க வந்தவர்களை நினைத்துக்கொண்டு படுத்தால் தூக்கம் வராது. குப்பியே வாங்காதீர்கள்.

7. ஏரோட்டரை ஸ்பிரிட்டில் துடையுங்கள்

பல்லைக் குடைய நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் தடவை சுற்றுகிற சாமான். நிற்கிற நொடியில் வாயில் இருக்கிற எச்சிலையும் ரத்தத்தையும் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அடுத்தவர் வாயில் ஓடும்போது தவறாமல் திருப்பிக் கொடுத்துவிடும், நாணயமான கருவி. வெளியே ஸ்பிரிட் பஞ்சால் ஒரு துடை. அதற்குத் தண்ணீர் போகிற பாட்டிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை ஊற்றுங்கள். மெல்லிய குழாய்க்குள் வழவழவென்று ஒரு படலம் கட்டும். அதைக் கலைக்காதீர்கள்.

8. அடுக்கும் முறை: ஒரே இழுப்பறை

பல் பிடுங்க ஒரு ட்ரே, அடைக்க ஒரு ட்ரே, ரூட் கெனாலுக்கு ஒரு ட்ரே என்று வேலைவாரியாக எடுத்துவைப்பவர்கள் உண்டு. நோயாளி உட்காருமுன்பே எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், கையுறையோடு எழுந்துபோய் எதையும் தொட வேண்டியிருக்காது. வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தால் கஷ்டப்பட்டுச் செய்த மாதிரித் தெரியாது.

எல்லாவற்றையும் ஒரே இழுப்பறையில் போடுங்கள். நடு வேலையில் ரத்தம் பட்ட கையுறையோடு இழுப்பறையைத் திறந்து கிளறுங்கள். கைப்பிடி, கிளறிய கருவிகள், விளக்கின் பிடி, போகிற வழியில் அடித்த செல்போன் என்று எல்லாவற்றிலும் ஒரு ரேகை விழட்டும்.

ரூட் கெனால் ஃபைல்களுக்கு உலகம் முழுக்க ஒரே நிற வரிசை. 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. எத்தனை தடவை பயன்படுத்தினோம் என்று குறித்துவைத்து, முறுக்கு விரிந்ததைத் தூக்கிப்போட வேண்டும். நீங்கள் எதையும் குறிக்காதீர்கள். முறியும்போது தெரிந்துகொள்ளலாம். வேருக்குள் முறிந்த துண்டு எக்ஸ்ரேயில் வெள்ளைக்கோடாக அழகாகத் தெரியும். “உள்ளே மருந்து வெச்சிருக்கேன்” என்று காட்டலாம்.

ஊசிகளுக்கு ஒரு வார்த்தை. 2016-ஆம் வருஷ உயிர்மருத்துவக் கழிவு விதிப்படி அவற்றைத் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். காலி மினரல் வாட்டர் பாட்டிலும் வெள்ளையாகத்தானே தெரிகிறது?

9. ஒரு கருவிக்கு ஒரு வேலை என்று கட்டிப்போடாதீர்கள்

சிமென்ட் கலக்குகிற ஸ்பேச்சுலாவால் டப்பா மூடியை நெம்பலாம். கம்பி வளைக்கிற ப்ளையரால் குழாய் நட்டை முறுக்கலாம். பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முனை அகன்று வட்டமாக, மறுமுனை கூராக. ஈறை எலும்பிலிருந்து உரித்து ஒதுக்குவதற்கானது. அதாவது பச்சைப் புண்ணுக்குள்ளேயே போய்வருகிறது. அந்தக் கூர்முனையால் சலைன் பாட்டிலின் கழுத்தில் ஒரு குத்துக் குத்தினால் பொத்தலாகிவிடும். கத்தரி தேட வேண்டாம்.

பல் பிடுங்கிய குழியைக் கழுவ இருபது முப்பது மில்லி போதும். பாட்டில் 500 மில்லி. ஒருவருக்குத் திறந்ததை அவரோடே கொட்டிவிட வேண்டும் என்பது பாடம். 100 மில்லி பாட்டிலும் மருந்துக்கடையில் கிடைக்கிறது, கேட்காதீர்கள். பெரிய பாட்டிலே வாங்கி, பொத்தலைப் பஞ்சால் அடைத்து, அடுத்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

இது நானாகக் கண்டுபிடித்ததல்ல. திருவண்ணாமலை போய், திருப்பத்தூருக்குப் பஸ் மாறி, அங்கிருந்து வாணியம்பாடி போய்ச் சேருங்கள். 2022 ஜூலைக்கும் 2023 ஏப்ரலுக்கும் இடையில் வட தமிழகத்தில் 21 பேருக்கு மெலியாய்டோசிஸ் என்ற தொற்று மூளை நரம்புகளைத் தாக்கியது. காய்ச்சல், தலைவலி, முகவீக்கம், குழறுகிற பேச்சு, மங்குகிற பார்வை. வேலூர் சி.எம்.சி.யும், ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொதுசுகாதாரத் துறையும் சேர்ந்து துருவியதில், அந்த 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்கில் வாயைத் திறந்தவர்கள். அந்தப் பத்தில் எட்டுப் பேர் செத்துப்போனார்கள். கிளினிக் பக்கமே போகாமல், வேறு வழியில் தொற்று வந்த பதினொரு பேரில் இறந்தது ஒருவர். 2025-இல் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசியப் பதிப்பில் கட்டுரை வந்தது. சலைன் பாட்டிலை பெரியாஸ்டியல் எலிவேட்டரால் திறந்தது, லேசாக அடைத்துவைத்து மற்றவர்களுக்கும் ஊற்றியது, எல்லாம் அதில் இருக்கிறது. கிருமி போன வழி அந்தச் சலைன்தான் என்பது அவர்கள் வந்துசேர்ந்த முடிவு.

அபூர்வக் கிருமியோ என்று யோசிக்காதீர்கள். மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாழ்வது. 1911-இல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் கண்டுபிடித்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகப் பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. கழனியில் கால் வைக்கிறவர்களுக்குச் சிராய்ப்பு வழியாக வரும். நீங்கள் அதை நேராக வாய்க்குள், புண்ணுக்குள், நரம்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விடலாம். அங்கிருந்து அதற்கு மூளை கிட்டத்தில்தான்.

எட்டு உயிர் போவதற்கு அந்தக் கிளினிக்கில் கள்ள டாக்டரோ, பாழடைந்த கட்டடமோ, பெரிய ஆபரேஷனோ வேண்டியிருக்கவில்லை. ஒரு எலிவேட்டர் தன் வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போனது, ஒரு பாட்டில் அடுத்தவருக்கும் இருந்தது. உங்கள் இழுப்பறையில் இரண்டும் இருக்கின்றனவா? பிரமாதம். 500 மில்லி சலைனின் விலை டீக்கடையில் இரண்டு பேர் வடையோடு டீ குடித்து எழுந்தால் ஆகிற காசு. அதை விட்டுவிட மனசு வருமா?

10. பதிவேடு வேண்டாம்

எந்த ட்ரே எந்தத் தேதியில் ஆட்டோகிளேவில் ஏறியது, யாருக்குப் போனது என்று எழுதிவைத்தால் பின்னால் யாராவது வந்து படிப்பார்கள்.

11. கேள்வி கேட்கிறவர்களை எதிர்கொள்வது

பெரும்பாலும் யாரும் கேட்க மாட்டார்கள். சலூனில் உட்கார்ந்ததும் “புது பிளேடு போடுப்பா” என்று அதட்டுகிற அதே ஆள், உங்கள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி கண்ணை இறுக மூடிக்கொள்வார். 1986-இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டபின் ஓடிய பிரசாரத்தில் சலூன்கள் மாறிவிட்டன. வாடிக்கையாளர் கேட்டுக் கேட்டு மாற்றினார். டாக்டரைக் கேட்பது மரியாதை இல்லை என்று நம் ஜனங்கள் நினைப்பது உங்கள் பெரிய மூலதனம்.

ஆனால் ஒரு ஆயா வருவார். சோமாசிபாடியிலிருந்தோ வேட்டவலத்திலிருந்தோ, மடியில் வெற்றிலைப் பையோடு. மூன்று டோக்கன் முன்னால் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார்.

“ஏஞ்சாமி, இப்ப போனானே அவன் வாயில வெச்சத்தையே எனக்கும் வெக்கிறியா?”

“இல்ல ஆயா, எல்லாம் மெஷின்ல போட்டு எடுத்தது.”

“அப்ப அந்தப் பையப் பிரி. நான் பாக்கறேன்.”

இந்த ஒரு சந்தர்ப்பத்துக்காக நான்காவது செட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உறையில் போட்டு, முறையாக ஆட்டோகிளேவ் செய்து, காயவைத்து, தேதி எழுதித் தனியே வையுங்கள். ஆயாவின் கண்ணெதிரே சரக்கென்று கிழித்துக் காட்டுங்கள். அவர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியதும் அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, பழைய ட்ரேயை இழுத்துக்கொள்ளுங்கள். கிழித்த உறையை செல்லோ டேப்பால் ஒட்டிவையுங்கள், அடுத்த ஆயாவுக்கு ஆகும்.